ஓடும் டாங்கியும் ஓடாத டாங்கியும்

அருங்காட்சியகம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு வாள் அல்லது சில நாணயங்கள், பக்கத்தில் ‘தொடாதீர்கள்’ என்னும் அறிவிப்பு. இவைதாமே? ஆனால் பொருள்கள் கூடத்தை விட்டு வெளியே வந்து, புகை கக்கி, நிலம் அதிர ஓடிக் காட்டும் ஓர் அருங்காட்சியகமும் உண்டு. அது இங்கிலாந்தின் தென்பகுதியில், டார்செட் மாவட்டத்தில், பாவிங்டன் என்னும் இராணுவ முகாமை ஒட்டி இருக்கிறது. அங்கே கோடைக் காலத்தில் ‘டாங்க்ஃபெஸ்ட்’ என்னும் டாங்கித் திருவிழா நடைபெறுகிறது.

நாமும் ஒரு நாள் அங்கே சென்று வருவோம். பயணச் செலவு இல்லை, கற்பனை ஒன்றே போதும். ஆனால் வேடிக்கை பார்த்துவிட்டு மட்டும் திரும்பக் கூடாது. போர்க்களம் என்பது மனிதர் மடிந்த இடம். அதை மைதானத்தில் நடித்துக் காட்டும்போது நாம் காண்பது வரலாறா, விளையாட்டா? இந்தக் கேள்வியுடனேயே உள்ளே நுழைவோம்.

பழைய இரும்பு பிழைத்த கதை

முதல் உலகப் போரின்போது (1914-18) டாங்கி வீரர்களுக்குப் பாவிங்டனில் பயிற்சி அளிக்கப்பட்டது. போர் முடிந்ததும் பிரான்சிலிருந்து டாங்கிகள் இங்கே கொண்டுவந்து குவிக்கப்பட்டன. பெரும்பாலானவை வெட்டப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. அரியவை சில மட்டும் ஒரு வேலிக்குள் ஒதுக்கி நிறுத்தப்பட்டன. 1923ஆம் ஆண்டில் இம்முகாமுக்கு வந்த எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங், இவற்றைக் காப்பாற்ற ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று கூறினார். கிப்ளிங் நம் நாட்டில், பம்பாயில் பிறந்தவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வேலிக்குள் நின்ற சில வண்டிகளே இன்று ஏறக்குறைய 300 ஊர்திகள் கொண்ட பெரும் தொகுதியாக வளர்ந்துள்ளன.

வயலில் பிறந்த சக்கரம்

மைதானத்தைச் சுற்றி மக்கள் கூடிவிட்டனர். ஒலிபெருக்கி அறிவிக்கிறது. சாய்சதுர வடிவில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி ஆடி அசைந்து வருகிறது. சக்கரம் எதுவும் வெளியே தெரியவில்லை. வண்டியின் இரு பக்கங்களையும் முழுவதுமாகச் சுற்றி இரும்புப் பட்டைகள் நகர்கின்றன. முதல் உலகப் போர்க் காலத்து டாங்கியின் தோற்றம் இதுதான்.

இந்த வடிவம் ஏன் தோன்றியது? 1914ஆம் ஆண்டின் இறுதிக்குள், மேற்குப் போர்முனையில் இரு தரப்புப் படைகளும் நிலத்தைத் தோண்டிப் பதுங்கு குழிகளில் இறங்கிவிட்டன. முன்னே முள்கம்பி வேலி, பின்னே இயந்திரத் துப்பாக்கி. எழுந்து ஓடிய வீரர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். குண்டு துளைக்காத கவசம் வேண்டும், சேற்றில் புதையாமல் செல்ல வேண்டும், குழியைத் தாண்ட வேண்டும். இம்மூன்றும் கொண்ட வண்டி தேவைப்பட்டது.

சேற்றுக்கு விடை வயலில் இருந்தது. அமெரிக்காவில் ஹோல்ட் நிறுவனம், சக்கரங்களுக்குப் பதிலாகச் சங்கிலிப் பட்டைகளில் ஊரும் உழவு இயந்திரங்களைப் போருக்கு முன்பே விற்று வந்தது. இந்தக் கருத்தைக் கொண்டு, இங்கிலாந்தில் லிங்கன் நகரிலிருந்த ஃபாஸ்டர் தொழிற்சாலையில் வில்லியம் டிரிட்டன், வால்டர் வில்சன் ஆகிய இருவரும் 1915இல் முதல் மாதிரியை உருவாக்கினர். அதன் பெயர் ‘லிட்டில் வில்லி’. இரகசியம் வெளிப்படாதிருக்க, செய்வது என்ன என்று கேட்டோரிடம் ‘தண்ணீர்த் தொட்டி’ என்று சொல்லப்பட்டது. தொட்டியைக் குறிக்கும் ‘டாங்க்’ என்ற அச்சொல்லே நிலைத்துவிட்டது. பொய்ப் பெயரே மெய்ப் பெயராயிற்று!

லிட்டில் வில்லி இன்றும் பாவிங்டனில்தான் இருக்கிறது. அதற்குப் பின் வந்த ‘மார்க் 1’ வகையில் உலகில் எஞ்சியுள்ள ஒரே டாங்கியும் இங்கேதான் உள்ளது. அப்படியானால் மைதானத்தில் ஓடுவது எது? அது 2011இல் வெளிவந்த ‘வார் ஹார்ஸ்’ திரைப்படத்திற்காகச் செய்யப்பட்ட, மார்க் 4 வகையின் நகல். அசல் உள்ளே அமைதியாக நிற்கிறது, நகல் வெளியே ஓடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

உள்ளே எட்டுப் பேர்

மார்க் 1 டாங்கியின் எடை 28 டன். அதை இழுத்த பொறியின் ஆற்றல் 105 குதிரைத்திறன்தான். மிகுந்த வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். விரைந்து நடக்கும் மனிதர் அதை முந்திவிடலாம். உள்ளே எட்டுப் பேர் இருந்தனர். வண்டியை ஓட்டுவதற்கே நால்வர் வேண்டும். ஒருவர் ஓட்ட, தலைவர் தடைக்கட்டைகளை இயக்க, இரு பக்கத்துப் பட்டைகளின் கியர்களையும் மாற்றப் பின்னால் இருவர் நிற்பர்.

பட்டை வண்டி எப்படித் திரும்பும் என்று நீங்கள் வியக்கலாம். நம் மாட்டுவண்டிக்காரரைப் பாருங்கள். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால், வலக்காளையை இழுத்துப் பிடித்து இடக்காளையை விரட்டுகிறார். டாங்கியும் அவ்வாறே திரும்புகிறது. ஒரு பக்கத்துப் பட்டையின் வேகத்தைக் குறைத்தால், மறுபக்கத்துப் பட்டை முந்திச் செல்ல, வண்டி வளைந்து திரும்பும்.

இவ்வளவும் வெளியே நின்று பார்த்து அறிந்துகொள்ளலாம். ஆனால் உள்ளே? பொறிக்கும் வீரர்களுக்கும் இடையே சுவர் கிடையாது. வெப்பம் 50 டிகிரி செல்சியசை எட்டியது. பெட்ரோல் ஆவியும், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவும் சூழ்ந்தன. வீரர்கள் மயங்கி விழுந்ததும் உண்டு. இரைச்சலில் பேச்சு கேட்காது. ஆகவே தலைவர் பொறியின் மூடியைத் திருகுமுடுக்கியால் தட்டிச் சைகை காட்டுவார். வெளியே செய்தி அனுப்பப் புறாக்களை உடன் கொண்டு சென்றனர். குண்டு வெளியே பட்டால், கவசத் தகட்டின் உட்புறத்திலிருந்து இரும்புத் துணுக்குகள் தெறிக்கும். அதற்காகத் தோல் முகமூடியில் இரும்பு வளையங்களைக் கோத்து அணிந்தனர்.

1916 செப்டம்பர் 15ஆம் நாள், பிரான்சின் சொம் போர்முனையில் டாங்கிகள் முதன்முதல் களம் இறங்கின. அன்று தயாராக இருந்தவை 49. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பழுதாகியோ சேற்றில் சிக்கியோ, புறப்படும் இடத்தையே அடையவில்லை.

கூடாரங்களுக்கு இடையே

சற்று ஓய்வாக மைதானத்தின் ஓரமாக நடப்போம். இங்கே வரிசையாகக் கூடாரங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சீருடை அணிந்த ஒருவர் தகரக் குவளையில் தேநீர் அருந்துகிறார். இன்னொருவர் பழைய வானொலிக் கருவியைத் திறந்து வைத்து ஒரு சிறுவனுக்கு விளக்குகிறார். இவர்கள் படைவீரர்கள் அல்லர். ஆசிரியர், எழுத்தர், இயந்திரத் தொழிலாளி என்று பல தொழில் புரிவோர். தம் சொந்தச் செலவில் பழைய உடைகளையும் கருவிகளையும் தேடிச் சேர்த்து, விடுமுறை நாள்களில் பழைய காலத்தை நடித்துக் காட்டுபவர்கள். இவர்களை நாம் ‘மீள்நடிகர்கள்’ என்று அழைக்கலாம். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டுவதற்கென ‘சீல்டு நாட்’ என்னும் சங்கம் 1968இல் தொடங்கியது முதல் இவ்வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது.

இவர்கள் பக்கத்தில் நிற்கும் சிறு வண்டி உங்களுக்குப் பழக்கமானதுதான். ஆம், ஜீப்! நம் ஊராட்சி ஒன்றிய அலுவலக வாசல்களில் நெடுங்காலம் நின்ற அதே வண்டிதான். 1940இல் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களிடம், 49 நாள்களுக்குள் மாதிரி வண்டி வேண்டும் என்று கேட்டது. சிறிய நிறுவனமான பான்ட்டம் அக்கெடுவுக்குள் செய்து கொடுத்தது. ஆனால் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரிய நிறுவனங்களே போர் முடியுமுன் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன.

அருகே படகு போன்ற உடலும் ஆறு சக்கரங்களும் கொண்ட லாரி ஒன்று நிற்கிறது. நீரிலும் நிலத்திலும் செல்லும் இதற்கு ‘டக்’, அதாவது வாத்து, என்று பெயர். கடற்கரை மணலில் ஏறும்போது டயரின் காற்றைக் குறைக்க வேண்டும். அப்போது டயர் பரந்து நிலத்தில் அதிகப் பரப்பில் படியும். ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்காமலே இதைச் செய்யும் வசதி இவ்வண்டியில் இருந்தது.

மீள்நடிகர்களிடம் நாம் கற்கக்கூடியது உண்டா? நிச்சயமாக உண்டு. கனத்த கம்பளிச் சீருடை மழையில் நனைந்தால் எவ்வளவு கனக்கும், ஆணி அடித்த காலணி உலோகத் தகட்டில் எப்படி வழுக்கும், முதுகுச் சுமையுடன் பதுங்கு குழியிலிருந்து ஏற எத்தனை நொடி ஆகும் என்பவற்றை நூல்களில் எளிதில் காண முடியாது. செய்து பார்த்தவருக்கே தெரியும். அறிவியலில் இதற்குச் சோதனை என்று பெயர் அல்லவா?

டைகர் 131

மைதானத்தில் திடீரென ஓர் அமைதி. எல்லாரும் எட்டிப் பார்க்கின்றனர். மற்றப் பொறிகளை விட ஆழ்ந்த உறுமல் கேட்கிறது. மணல் நிறம் பூசிய பெரிய டாங்கி ஒன்று மெல்ல வருகிறது. மேல்கூண்டின் பக்கத்தில் ‘131’ என்ற சிவப்பு எண். இதுதான் ஜெர்மனியின் ‘டைகர்’. நீண்ட காலமாக உலகில் ஓடும் நிலையில் உள்ள ஒரே டைகர் 1 என்று பெயர் பெற்றது.

எடை 57 டன். முன்பக்கக் கவசத்தின் தடிப்பு 10 சென்டிமீட்டர். பீரங்கியின் வாய் விட்டம் 88 மில்லிமீட்டர். இவ்வளவு கனமான வண்டி ஏன் மண்ணில் புதைந்துவிடவில்லை? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டையின் அகலம் 72.5 செ.மீ. நிலத்தில் படியும் நீளம் ஏறக்குறைய 360 செ.மீ. இரு பட்டைகளுக்கும் சேர்த்துப் பரப்பு 52,200 சதுர செ.மீ. 57,000 கிலோவை இதனால் வகுத்தால், ஒரு சதுர செ.மீ.க்கு 1.1 கிலோ அளவே அழுத்தம். மோட்டார் காரின் டயர் நிலத்தை ஏறக்குறைய 2 கிலோ அழுத்தத்துடன் மிதிக்கிறது. 57 டன் டாங்கி, காரை விட மென்மையாக மண்ணை மிதிக்கிறது!

ஆனால் இந்த அகலமே தொல்லையும் ஆயிற்று. இரயிலில் ஏற்ற வேண்டுமானால், அகலப் பட்டைகளைக் கழற்றி 52 செ.மீ. அகலமுள்ள குறுகிய பட்டைகளை மாட்ட வேண்டும். சக்கரங்கள் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், உட்சக்கரம் ஒன்று பழுதானால் வெளிச்சக்கரங்கள் பலவற்றைக் கழற்ற வேண்டும். 540 லிட்டர் பெட்ரோல் நல்ல சாலையிலேயே 200 கிலோமீட்டருக்குள் தீர்ந்துவிடும். ஜெர்மனி செய்த டைகர் 1 டாங்கிகள் ஏறக்குறைய 1,350 மட்டுமே. எதிர்த்தரப்பிலோ அமெரிக்கா ஏறக்குறைய 50,000 ஷெர்மன் டாங்கிகளைச் செய்தது. சோவியத் நாடு போர்க் காலத்தில் செய்த டி-34 டாங்கிகளோ 50,000க்கும் அதிகம். மைதானத்தில் டைகரைப் பார்ப்பவர் அதன் வலிமையைக் காண்கிறார். அது தோற்ற காரணத்தைக் காண வேண்டுமானால், கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

131 எப்படிப் பிடிபட்டது? 1943 ஏப்ரலில், வட ஆப்பிரிக்காவின் டுனிசியாவில், பிரிட்டிஷ் சர்ச்சில் டாங்கி ஒன்று சுட்ட குண்டு இதன் பீரங்கிக் குழாயில் பட்டுத் தெறித்து, மேல்கூண்டு சுழலும் வளையத்தில் சிக்கிக்கொண்டது. கூண்டு அசையவில்லை. உள்ளிருந்தோர் வண்டியை விட்டு ஓடிவிட்டனர். அதே மாதத்தில் நான்காம் இந்திய டிவிஷனும் டுனிசியாவில் போரிட்டுக்கொண்டிருந்தது என்பதை நாம் நினைவுகூரலாம். ஜூன் மாதம் டூனிஸ் நகரில் மன்னர் ஆறாம் ஜார்ஜும் பிரதமர் சர்ச்சிலும் இந்த டாங்கியைப் பார்வையிட்டனர். அக்டோபரில் இது இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1951இல் பாவிங்டனுக்கு வந்து சேர்ந்தது. குண்டு பட்ட தழும்பு இன்றும் அதில் இருக்கிறது.

ஏப்ரல் 21ஆம் நாள் ஜெபல் ஜாஃபா என்னும் குன்றில் பிடிபட்டது என்றே பல ஆண்டுகளாக எழுதி வந்தனர். பிற்காலத்தில், ஒரு காலாட்படை வீரர் தம் மகனிடம் சொல்லிச் சென்ற நினைவுகளும் பழைய ஆவணங்களும் ஒப்பிடப்பட்டபோது, இடம் கெரியத் எல் அத்தாச் என்றும் நாள் ஏப்ரல் 24 என்றும் திருத்தப்பட்டது. டாங்கி ஓடியதால் இந்த உண்மை வெளிவரவில்லை. தழும்பையும் தாளையும் ஒருவர் பொறுமையாக ஒத்துப் பார்த்ததால் வெளிவந்தது.

ஓட்டுவதா, காப்பதா?

1990இல் கூடத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்ட 131, பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2003 டிசம்பரில் ஓடும் நிலையில் திரும்பியது. இப்போது ஆண்டில் சில நாள்கள் மட்டும், அதுவும் மெதுவாக, ஓட்டப்படுகிறது. ஏன்? ஓடும் இரும்பு தேயும். தேய்ந்த உறுப்பை மாற்றினால், 1943இல் ஒரு தொழிலாளியின் கை பட்ட உறுப்பு போய்விடும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், மிஞ்சுவது பெயர் மட்டுமே.

ஓட்டாமலே வைத்தால் என்ன? உராய்வுப் பொருள்கள் இறுகும், எண்ணெய் வற்றும், எப்படி ஓட்டுவது என்று அறிந்த கைகளும் மறைந்துபோகும். கோயில் தேரை நிலையிலேயே வைத்துவிட்டால் வடம் பிடிக்கத் தெரிந்தவரும், சக்கரத்தில் கட்டை போடத் தெரிந்தவரும் இல்லாமல் போவது போன்றதே இது. ஆகவே பாவிங்டன் ஒரு நடுவழியை மேற்கொண்டுள்ளது. ஒன்றே ஒன்றாக எஞ்சிய மார்க் 1 ஓடுவதில்லை, அதன் சார்பில் நகல் ஓடுகிறது. டைகர் அளவோடு ஓடுகிறது. இது சரியா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

மாலையில் ஒரு போர்

மாலை ஆயிற்று. போர் நடிப்பு தொடங்குகிறது. வெற்றுத் தோட்டாக்கள் வெடிக்கின்றன. புகை எழுகிறது. ஒரு தரப்பு வீரர்கள் ஓடுகின்றனர், மறு தரப்பினர் விழுகின்றனர். சிறுவர்கள் கைதட்டுகின்றனர். ஒலிபெருக்கி ‘முடிந்தது’ என்றதும், விழுந்தவர்கள் புல்லைத் தட்டிவிட்டு எழுந்து, எதிரியாக நடித்தவரோடு பேசிக்கொண்டே போகின்றனர்.

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். நடிப்பு உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொண்ட வரலாறும் உண்டு. 1920 நவம்பர் 7ஆம் நாள், ருசியாவின் பெட்ரோகிராடு நகரில், குளிர்கால அரண்மனை மூன்று ஆண்டுகளுக்கு முன் கைப்பற்றப்பட்டதை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நடித்துக் காட்டினர். நெறிப்படுத்தியவர் நாடக ஆசிரியர் நிக்கோலாய் எவ்ரெய்னோவ். அந்த நடிப்பில் எடுத்த ஒரு படம், பிற்காலத்தில் 1917இல் எடுத்த உண்மைப் படமாகவே நூல்களில் அச்சிடப்பட்டது. உண்மை நிகழ்ச்சி அவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. நடிப்பு பெரிதாக இருந்ததால் அதுவே வரலாறாகிவிட்டது!

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863இல் கெட்டிஸ்பர்க் என்னும் ஊரில் கடும் போர் நடந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1913இல், இரு தரப்பையும் சேர்ந்த ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட முதிய வீரர்கள் அங்கே கூடினர். இளமையில் துப்பாக்கியோடு ஓடிய அதே வெளியில் கிழவர்களாக நடந்து சென்று, அதே கற்சுவரின் இருபுறமும் நின்று கைகுலுக்கிக்கொண்டனர். அவர்களுக்கு யாரும் நடிக்கச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விழுந்து எழாதவர்களை அவர்கள் அறிந்திருந்தனர்.

பாவிங்டன் மைதானத்தில் இல்லாதது இதுதான். எடை உண்டு, ஓசை உண்டு, புகை உண்டு. அச்சம் இல்லை, காயம் இல்லை, எழாமல் கிடப்பவர் இல்லை. அவற்றை யாராலும் நடித்துக் காட்டவும் இயலாது. அந்தப் பாதியைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ஓடாத டாங்கி

திரும்பும் வழியில் இன்னும் ஓரிடம் பார்த்துவிடுவோம். கால்வாய்க் கடலைத் தாண்டி வடபிரான்சுக்குச் சென்றால், காம்பிரே நகருக்கு அருகே ஃபிளெஸ்கியர் என்னும் சிற்றூர் வரும். 1917 நவம்பர் 20ஆம் நாள், முந்நூற்றுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் டாங்கிகள் இப்பகுதியில் ஒரே நேரத்தில் முன்னேறின. அவற்றுள் ஒன்று ‘டெபோரா’ என்னும் மார்க் 4 டாங்கி. எண் டி 51. ஊரைக் கடக்கும்போது ஜெர்மானியப் பீரங்கிக் குண்டுகள் அதைத் தாக்கின. உள்ளிருந்தோரில் ஐவர் மாண்டனர்.

பின்னர் அந்த டாங்கி மண்ணில் புதைக்கப்பட்டு, மறக்கப்பட்டது. உள்ளூர் வரலாற்று ஆர்வலர் ஒருவர் முதியோரின் நினைவுகளைக் கேட்டும் நிலத்தை ஆராய்ந்தும் பல ஆண்டுகள் தேடினார். 1998இல் டெபோரா வெளியே வந்தது. 2017இல் அதற்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

டெபோராவைப் பழுது பார்க்கவில்லை. வண்ணம் பூசவில்லை. முன்பக்கம் கிழிந்து, துருப்பிடித்து, அப்படியே நிற்கிறது. அது இனி ஓடாது. அதன் அருகிலேயே ஒரு கல்லறைத் தோட்டம். அன்று அதற்குள் மாண்டவர்கள் அங்கே உறங்குகின்றனர்.

வாசகர்களே, நம் தொடக்கக் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஓடும் டாங்கி, போர் இயந்திரம் எவ்வாறு இயங்கியது என்று கற்பிக்கிறது. ஓடாத டாங்கி, அது யாருக்கு என்ன செய்தது என்று கற்பிக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்தால் விளையாட்டாகிவிடும். இரண்டையும் பார்த்தால் வரலாறாகும்.

நம் நாட்டிலும் 1965 போரில் கைப்பற்றப்பட்ட பாட்டன் டாங்கிகள் பல நகரங்களில் நினைவுச் சின்னங்களாக நிற்கின்றன. அடுத்த முறை அப்படி ஒன்றைக் கண்டால், அதன் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்வதற்கு முன் சற்று நில்லுங்கள். அதன் பட்டையின் அகலத்தைச் சாணால் அளந்து பாருங்கள். கவசத்தில் துளை இருக்கிறதா என்று தேடுங்கள். துளை இருந்தால், அது எந்தப் பக்கமிருந்து வந்தது, அப்போது உள்ளே எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று கேளுங்கள்.